கரைந்த உலோகத்தைத் துகளாக்கும் நுண்ணுயிர்கள்



வடசிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. மழை ஓய்ந்து சில நாள்கள் கழித்துச் செம்பனைத் தோட்டத்து வடிகாலின் ஓரத்தில் நின்று பார்த்தால், நீருக்கடியில் செங்காவி நிறத்தில் வழவழப்பான படிவு தென்படும். நீரின் மேற்பரப்பில் வானவில்லின் நிறங்களோடு மெல்லிய ஏடு ஒன்று மிதக்கும். யாரோ எண்ணெயைக் கொட்டிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போவோம். அடுத்த முறை அந்த ஏட்டை ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். எண்ணெயாயின், குச்சி சென்ற தடம் உடனே கூடிக்கொள்ளும். பல வேளைகளில் அது கூடுவதில்லை. உடைந்த கண்ணாடிச் சில்லுகள்போல் பிரிந்து நிற்கும். அவ்வாறு பிரிந்தால் அது எண்ணெய் அன்று. நீரில் கரைந்திருந்த இரும்பு, பாக்டீரியாக்களின் துணையால் திடப்பொருளாக மாறியதன் அடையாளம் அது.

அங்கிருந்து மேற்கே கடற்கரைக்குச் செல்வோம். புக்கிட் மெலாவாத்தியின் அடிவாரத்தில், 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள அலையாத்திக் காட்டில், மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் காட்டில், நீர் வடிந்த வேளையில் சேற்றைச் சற்றே கிளறினால் மேலே பழுப்பாகவும் கீழே மைபோல் கறுப்பாகவும் இருக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் எழும். நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அந்தக் கருமையும் கரைந்த இரும்பு திடமாக மாறியதால் வந்ததே. அங்கும் அதைச் செய்தவை பாக்டீரியாக்களே.

நீரில் கரைந்திருக்கும் உலோகத்தைப் பாக்டீரியாக்கள் எவ்வாறு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களாக மாற்றுகின்றன என்பதே இன்றைய உரையின் பொருள். சொல்ல விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா உலோகத்தைப் படைப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. அதன் நிலையை மாற்றுகிறது. அம்மாற்றம் நிலைப்பதும் குலைவதும் நாம் நிலத்தையும் நீரையும் பேணும் முறையைப் பெரிதும் பொறுத்திருக்கின்றன.

நானோ என்னும் அளவு

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். பாக்டீரியாக்கள் பல 1,000 முதல் 2,000 நானோமீட்டர் வரை நீளம் உடையவை. 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகளை நானோ துகள் என்று வழங்குகிறோம். மீநுண் துகள் என்ற தமிழ்ச்சொல்லும் வழக்கில் உண்டு. 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளித் துகளில் ஏறத்தாழ 30,000 வெள்ளி அணுக்கள் மட்டுமே அடங்கும்.

இத்துணைச் சிறியதாக இருப்பதால் என்ன பயன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால், அவற்றின் மேற்பரப்புகளின் கூட்டுத்தொகை 600 சதுர மீட்டராகும். அது ஏழு பூப்பந்து ஆடுகளங்களைவிடப் பரந்தது. உலோகத்தின் எடை கூடவில்லை. வெளியுலகைத் தொடும் பரப்பு மட்டும் பத்து இலட்சம் மடங்கு விரிந்துவிட்டது. வேதிவினைகள் பலவும் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், பொடியின் ஆற்றலும் அதன் ஆபத்தும் அந்தப் பரப்பிலிருந்தே பிறக்கின்றன.

நிறமும் மாறுகிறது. தங்கத்தின் நானோ துகள்கள் நீரில் மிதக்கும்போது நீர் மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தோன்றும். ஆய்வுக்கூடத்தில் நிறமற்ற வெள்ளி நைத்திரேட்டுக் கரைசல் பழுப்பேறத் தொடங்கினால், துகள் உருவாகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருங்கட்டியாகாமல் தனித்தனியே மிதப்பது எவ்வாறு? இதற்கு விடை சொல்ல நம் தோட்ட மக்களுக்குப் பாடநூல் தேவையில்லை. ரப்பர்ப் பாலை நினைத்துப் பாருங்கள். மரத்திலிருந்து மங்கில் வடியும் பாலில் ரப்பர் கரைந்திருப்பதில்லை. மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு போர்வை மூடியிருக்கிறது. அப்போர்வை எதிர்மின்னூட்டம் உடையது. ஒரே வகை மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்குவதால் உருண்டைகள் சேர்வதில்லை. பார்மிக் அமிலத்தைச் சேர்த்தால் அம்மின்னூட்டம் தணிகிறது. பால் உறைந்து கட்டியாகிறது. உறையாமல் காக்க வேண்டுமானால் அம்மோனியாவைச் சேர்க்கிறார்கள். பாக்டீரியா உருவாக்கும் உலோகத் துகள்களின் நிலையும் இதைப் போன்றதே. உயிரணுவிலிருந்து வந்த புரதங்கள் துகளின்மீது போர்வையாகப் படிந்து, அதை ஒட்டவிடாமல் காக்கின்றன. பால் மரத்தடியில் நம் முன்னோர் நாள்தோறும் கையாண்ட செயலுக்கும் இன்றைய நானோ அறிவியலுக்கும் அடிப்படை விதி ஒன்றே.

கரைதலும் திரள்தலும்

தமிழில் பொன் என்பது ஒரு காலத்தில் உலோகங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக வழங்கியது. ஐம்பொன் என்ற சொல் அதற்குச் சான்று. ஆயினும் பொன்னும் வெள்ளியும் நீரில் கரைந்திருக்கும்போது மின்னுவதில்லை. அப்போது அவை அணுக்களாக இல்லாமல் அயனிகளாக இருக்கின்றன. வெள்ளி அயனி என்பது ஓர் எலக்ட்ரானை இழந்த வெள்ளி அணு. அது இழந்ததைத் திரும்பப் பெற்றால் மீண்டும் அணுவாகும். அவ்வாறான அணுக்கள் சில கூடினால் ஒரு கரு உண்டாகும். கருவின்மீது மேலும் அணுக்கள் படிந்தால் துகள் வளரும்.

எலக்ட்ரானைப் பெறுவதை வேதியியல் ஒடுக்கம் என்றும், இழப்பதை ஆக்சிஜனேற்றம் என்றும் சொல்கிறது. மாணவர்கள் இவ்விரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்து மாற்றி எழுதிவிடுவதைப் பார்க்கிறோம். இரும்பை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு நீரில் எளிதாகக் கரைந்திருக்கும். அது மூன்றாவதையும் இழந்தால், அமிலமற்ற நீரில் கரைந்திருக்க இயலாமல் துருவாகப் படியும். ஆகவே வெள்ளி ஒடுக்கத்தால் திடமாகிறது. இரும்போ ஆக்சிஜனேற்றத்தால் திடமாகிறது. எலக்ட்ரான் கைமாறாமலே, கந்தகம் போன்ற வேறொன்றோடு கூடித் திடமாகும் வழியும் உண்டு. இம்மூன்றையும் பாக்டீரியாக்கள் செய்கின்றன. எதற்காகச் செய்கின்றன என்பதைப் பொறுத்து அவற்றை மூன்று வழிகளாகப் பிரித்துக் காணலாம்.

மூன்று வழிகள்

முதல் வழி, ஆற்றலைப் பெறுவதற்காக. வடிகாலில் நாம் கண்ட செங்காவிப் படிவு இவ்வகை. தோட்டத்து மண்ணின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு கரைந்த நிலையில் நிறமின்றி நிலத்தடி நீரோடு நகர்கிறது. அந்நீர் வடிகாலில் ஊறிக் காற்றைச் சந்திக்கும் இடத்தில் காலியனெல்லா போன்ற இரும்புப் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவை இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுத்து, இடையில் கிடைக்கும் சிறிதளவு ஆற்றலால் வாழ்கின்றன. இரும்பின் ஆக்சிஜனேற்றத்திலிருந்து ஓர் உயிர் ஆற்றலைப் பெற முடியும் என்ற கருத்தை 1880களில் முன்வைத்தவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவாதலால் பாக்டீரியா ஏராளமான இரும்பைக் கையாள வேண்டியிருக்கிறது. எஞ்சும் துருவின் மூலத் துகள்கள் சில நானோமீட்டர் அளவே உடையவை. அவை பாக்டீரியா சுரக்கும் வழவழப்பான இழைகளில் திரண்டு நமக்குச் செங்காவிச் சகதியாகத் தெரிகின்றன.

இதற்கு நேர்மாறான தொழிலைச் செய்யும் பாக்டீரியாக்களும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அவை துருவையே ஆக்சிஜனுக்கு மாற்றாக வைத்துச் சுவாசிக்கின்றன. 1987இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, இவ்வாறு துருவை ஒடுக்கித் தன் உடலுக்கு வெளியே காந்தத் தன்மையுள்ள நுண்ணிய மாக்னடைட்டுத் துகள்களை உண்டாக்கியது. பின்னர் அதற்கு ஜியோபாக்டர் என்று பெயரிட்டார்கள்.

இரண்டாம் வழி, சுவாசத்தின் கழிவால். அலையாத்திக் காட்டுச் சேறு இவ்வகை. ஒரு லிட்டர்க் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு இருக்கிறது. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் டெசல்போவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள், மட்கும் இலைதழைகளை உண்டு, அச்சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நாம் கரியமில வாயுவை வெளிவிடுவதுபோல் அவை ஐதரசன் சல்பைடையும் வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுவே. அந்தச் சல்பைடு, சேற்று நீரில் கரைந்துள்ள இரும்போடு கூடியவுடன் இரும்புச் சல்பைடு என்னும் கறுப்பு நானோ துகள்கள் பிறக்கின்றன. காலப்போக்கில் அவற்றிலிருந்து பைரைட்டு என்னும் கனிமம் விளைகிறது. இரும்போடு துத்தநாகம், செம்பு, காரீயம், காட்மியம் ஆகியவையும் இவ்வாறே சிக்கிக்கொள்கின்றன.

இதன் வலிமைக்கு ஒரு சான்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கைவிடப்பட்டு நீர் நிறைந்த காரீய–துத்தநாகச் சுரங்கம் ஒன்றில் வளர்ந்திருந்த பாக்டீரியாப் படலத்தை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அப்படலத்தில் 2 முதல் 5 நானோமீட்டர் வரையுள்ள துத்தநாகச் சல்பைடுத் துகள்கள் உருண்டைகளாகத் திரண்டிருந்தன. சுற்றியிருந்த நீரில் மிகச் சிறிதளவே இருந்த துத்தநாகம், அப்படலத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு செறிந்திருந்தது.

மூன்றாம் வழி, தற்காப்பிற்காக. வெள்ளி அயனி பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு நஞ்சு. எனினும் வெள்ளிச் சுரங்கம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்னும் பாக்டீரியா, வெள்ளி மிகுந்த ஊடகத்திலும் வளர்ந்தது. 1999இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் உயிரணுவின் ஓரங்களில் முக்கோணமாகவும் அறுகோணமாகவும் வெள்ளிப் படிகங்கள் இருந்தன. அவற்றுட் சில 200 நானோமீட்டர் வரை வளர்ந்திருந்தன. கரைந்த நஞ்சைக் கரையாத துகளாக்கி ஒதுக்கிவைப்பதே அதன் தற்காப்பு. ஆஸ்திரேலியாவின் தங்க மணிகளின்மீது காணப்படும் குப்ரியாவிடஸ் மெட்டாலிடூரன்ஸ் என்னும் பாக்டீரியாவும், நஞ்சான தங்க அயனியை இவ்வாறே உலோகத் தங்கத்தின் நானோ துகளாக மாற்றுகிறது.

மோரில் விளைந்த பொன்

இத்தகைய ஆற்றல் சுரங்கங்களிலும் கடற்சேற்றிலும் வாழும் அரிய உயிர்களுக்கு மட்டுமே உரியதா? இவ்வினாவுக்கு விடை சென்னையிலிருந்து வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நாயர், பிரதீப் ஆகிய இருவரும் 2002இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது மோரில் வாழும் சாதாரண லாக்டோபசில்லஸ் பாக்டீரியா. நம் வீட்டில் பாலைத் தயிராக்கும் உயிரினத்தின் இனம் அது.

அப்பாக்டீரியாவைத் தங்க அயனியும் வெள்ளி அயனியும் உள்ள கரைசல்களில் இட்டபோது, தங்கம், வெள்ளி, இரண்டும் கலந்த உலோகக் கலவை ஆகிய மூன்றின் படிகங்களும் உருவாயின. முதலில் நானோ அளவிலான சிறு திரள்கள் தோன்றின; பிறகு அவை ஒன்றுகூடிப் பெரிய படிகங்களாயின. அப்படிகங்கள் பாக்டீரியாவின் உடல் வரம்புக்குள்ளேயே இருந்தன. பாக்டீரியாவும் உயிரோடு இருந்தது. சுரங்கத்து நஞ்சை ஒருநாளும் கண்டறியாத, நம் சமையலறையில் குடியிருக்கும் உயிரணுவின் சுவரிலும் உலோகத்தைப் பற்றித் திடமாக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்பதை இவ்வாய்வு காட்டியது.

துகள் உயிரணுவுக்குள் உருவானால் அதை வெளியே எடுக்க உயிரணுவை உடைக்க வேண்டும். வெளியே உருவானால் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழுவினர் பாக்டீரியாவை விட்டுப் பூஞ்சைகளை நாடியது இதன்பொருட்டே பெரிதும் பயன் தந்தது. 2003இல் அவர்கள் புசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சை தன் உடலுக்கு வெளியே சுரக்கும் நொதிகளால் 5 முதல் 15 நானோமீட்டர் வரையுள்ள வெள்ளித் துகள்களை உண்டாக்கிக் காட்டினர். இப்பூஞ்சையின் ஒரு வகையே வாழைத் தோட்டங்களை அழிக்கும் வாடல் நோய்க்குக் காரணம். பயிருக்குப் பகையான உயிர் ஆய்வுக்கூடத்தில் தொழிலாளியாயிற்று.

ரப்பர்ப் பாலையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. 2011இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் ரப்பர் மரத்துப் பாலைக் கொண்டே வெள்ளி நானோ துகள்களை உண்டாக்கினர். நம் தாத்தா பாட்டியர் வெட்டிய மரமும், அம்மரத்தின் தாயகமான பிரேசிலில் ஆராயப்பட்ட மரமும் ஒரே இனம்.

பயனும் எச்சரிக்கையும்

வேதிமுறையில் நானோ துகள் செய்யப் பெரும்பாலும் ஐதரசீன் போன்ற நச்சுப்பொருள்களும் சில வேளை மிகுந்த வெப்பமும் தேவைப்படுகின்றன. பாக்டீரியாவோ அறை வெப்பநிலையில், நீரில், சிறிதளவு உணவைப் பெற்றுக்கொண்டு அதே வேலையைச் செய்கிறது. இதுவே இத்துறையின் ஈர்ப்பு. வெள்ளித் துகள்கள் கிருமிகளைக் கொல்வதால் புண்களுக்கான கட்டுத்துணிகளிலும் நீர் வடிகட்டிகளிலும் பயன்படுகின்றன. இரும்பின் நானோ துகள்கள் நீரிலுள்ள ஆர்செனிக்கைப் பற்றிக்கொள்கின்றன. முன்பு சொன்ன பிரதீப்பின் குழுவினர், பாக்டீரியாவின் துணையின்றி வேதிமுறையில் செய்த இரும்பு நானோ பொருளைக் கொண்டு, இந்தியக் கிராமங்களுக்கான ஆர்செனிக் வடிகட்டியை உருவாக்கியுள்ளனர். துருவின் நுண்துகள் நச்சைப் பற்றும் என்ற உண்மை நம் வடிகாலின் செங்காவிக்கும் பொருந்தும்.

எனினும் மாணவர்கள் இத்துறையின் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். பாக்டீரியா உண்டாக்கும் துகள்கள் பெரும்பாலும் ஒரே அளவில் அமைவதில்லை. ஒரே குடுவையில் சிறியதும் பெரியதும் கலந்திருக்கும். காந்தப் பாக்டீரியாக்கள் இதற்கு விலக்கு. அவை தம் உடலுக்குள் சிறு பைகளை அமைத்து, அவற்றில் மாக்னடைட்டுத் துகள்களை ஒரே அளவில் வளர்த்து, மாலைபோல் கோத்து, அதைத் திசைகாட்டியாகக் கொள்கின்றன. மற்றவற்றில் அத்தகைய ஒழுங்கு அரிது. துகளை உயிரணுவிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்துவதும் எளிதன்று. ஆய்வுக்கூடக் குடுவையில் நிகழ்ந்தது தொழிற்சாலைத் தொட்டியில் நிகழ நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிரினம் செய்தது என்பதால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. கிருமியைக் கொல்லும் வெள்ளித் துகள் சாக்கடை வழியே ஆற்றை அடைந்தால், அங்குள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களையும் கொல்லக்கூடும். பசுமை முறை என்ற சொல் செய்முறையைக் குறிப்பதே. பொருளின் குணத்துக்கு அது சான்றிதழ் ஆகாது.

நம் நிலமும் நம் நீரும்

இப்போது மீண்டும் நம் மண்ணுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கடற்கரைச் சமவெளியில் பல இடங்கள் முன்னொரு காலத்தில் அலையாத்திக் காடாக இருந்தவை. அக்காலத்துப் பாக்டீரியாக்கள் சேர்த்துவைத்த பைரைட்டு இன்றும் களிமண்ணுக்கடியில் கிடக்கிறது. நீரால் மூடப்பட்டிருக்கும்வரை அதனால் தீங்கில்லை.

பயிரிடுவதற்காக ஆழமாக வடிகால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கும். மண்ணின் வெடிப்புகள் வழியே காற்று உள்ளே நுழையும். பைரைட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாக மாறும். மண்ணின் பி.எச். அளவு 3.5க்கும் கீழே சரியும். அந்த அமிலத்தில் அலுமினியமும் இரும்பும் கரைந்து வேர்களைத் தாக்கும். இம்மாற்றத்தை விரைவுபடுத்துவதும் பாக்டீரியாவே. அமிலத்தில் வாழும் அசிடிதயோபசில்லஸ் அதன் பெயர். ஒரு பாக்டீரியா நெடுங்காலம் பூட்டிவைத்ததை மற்றொரு பாக்டீரியா சில மாதங்களில் திறந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் கதவாக நிற்பது நீர்மட்டம். 1960களிலும் 1970களிலும் மேற்குக் கடற்கரைச் செம்பனைத் தோட்டங்களை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டறிந்தனர். அளவுக்கு மீறி வடித்த நிலத்தில் விளைச்சல் குறைந்தது. வடிகாலில் தடுப்பமைத்து, பைரைட்டு அடுக்கு நீருக்குள் இருக்குமாறு நீர்மட்டத்தை உயர்த்தியபோது மரங்கள் தேறின. தோட்டத்து வடிகாலின் தடுப்புப் பலகையை ஏற்றி இறக்கும் தொழிலாளி, தாம் அறியாமலே ஒரு பெரும் வேதிவினையின் காவலராக இருந்திருக்கிறார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு பெஸ்தாரி ஜெயா. 2007ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்திருந்த ஊர். ஈயம் தோண்டிய காலம் போய்விட்டது. குட்டைகளும் மணல்வெளிகளும் எஞ்சியுள்ளன. அப்பகுதியின் நீரிலும் வண்டலிலும் உள்ள உலோகங்களை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து கட்டுரைகள் எழுதியுள்ளனர். அவ்வழியே ஓடும் சிலாங்கூர் ஆறு, சிலாங்கூர் மாநிலத்துக்கும் கோலாலம்பூருக்கும் குடிநீரின் பெரும்பங்கைத் தருகிறது. அதே ஆறு கீழே இறங்கி, கம்போங் குவாந்தானில் மின்மினிகள் தங்கும் பெரெம்பாங் மரங்களைத் தழுவிக்கொண்டு கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. ஆகவே குட்டைகளில் கரைந்துள்ள உலோகம் எந்த நிலையில் இருக்கிறது என்பது வேதியியல் வகுப்போடு முடிந்துபோகும் வினா அன்று. நம் வீட்டுக் குழாயையும் ஆற்றங்கரை மரத்தையும் தொடும் வினா.

உலகின் பல நாடுகளில் சுரங்கக் கழிவுநீரைச் சதுப்புக் குளங்களில் தேக்கி, அடியில் மட்கும் உரத்தை இட்டு, சல்பேட்டுப் பாக்டீரியாக்களை வளரவிட்டு, உலோகங்களைச் சல்பைடுத் துகள்களாகப் படியவைக்கிறார்கள். நம் ஆலைகளில் மிகுந்து கிடக்கும் செம்பனை வெற்றுக்குலை இப்பாக்டீரியாக்களுக்கு ஏற்ற உணவாகுமா என்பது நம் மாணவர் ஒருவர் எடுத்து ஆராயத்தக்க வினா. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அக்குளம் வறண்டாலோ, தூர்வாரிய சேற்றை வெயிலில் குவித்தாலோ, படிந்த உலோகம் மீண்டும் கரையத் தொடங்கும். படியவைப்பது பாக்டீரியாவின் வேலை. காத்துவைப்பது மனிதனின் வேலை.

வகுப்பறையில் ஒரு சேற்றுப் புட்டி

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். வினோகிராட்ஸ்கியின் பெயரால் இன்றும் வழங்கும் சோதனை இது. தெளிவான ஒரு நெகிழிப் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரச் சேற்றில் கிழித்த செய்தித்தாளையும், அவித்த முட்டையின் மஞ்சட்கருவையும் பிசைந்து பாதிக்குமேல் நிரப்புங்கள். தாள் பாக்டீரியாவுக்கு உணவு, மஞ்சட்கரு கந்தகத்துக்காக. மேலே சிறிது கடல்நீரை ஊற்றி, மூடியைத் தளர்வாக இட்டு, வெளிச்சம் படும் சன்னலோரத்தில் வையுங்கள். சேற்றைத் தொடும்போது கையுறை அணிய வேண்டும். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும்.

சில வாரங்களில் சேற்றின் ஒரு பகுதி கறுக்கும். அது மாணவர் கண்முன் பாக்டீரியா செய்த இரும்புச் சல்பைடு. பிறகு அந்தக் கரிய சேற்றில் ஒரு கரண்டியளவு எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பிக் காற்றில் வையுங்கள். கருமை மங்கிப் பழுப்பாகும். பூட்டியது திறந்துகொண்டது. இவ்விரண்டு நிறங்களையும் தம் கண்ணால் கண்ட மாணவர் ஒடுக்கத்தையும் ஆக்சிஜனேற்றத்தையும் மாற்றி எழுதமாட்டார். ஆழமாக வெட்டிய வடிகால் ஏன் தோட்டத்தை வாட்டியது என்பதும் அவருக்கு விளங்கும்.

அந்த நோக்கைத் தாய்மொழியில் எழுதச் சொல்லுங்கள். அயனி, ஒடுக்கம், படிவு, துகள், நொதி ஆகிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. பாக்டீரியா, நானோ போன்றவற்றை உலகோடு பகிர்ந்துகொள்கிறோம். கலைச்சொல் அகராதியில் உறங்கினால் வளராது. தாம் பார்த்த சேற்றைப் பற்றி ஒரு மாணவர் எழுதும் ஐந்து வரிகளில் அது உயிர்பெறும்.

நாற்றம் என்று ஒதுக்கிய கரிய சேறும், அழுக்கு என்று கடந்துபோன செங்காவி நீரும் நமக்காக நெடுங்காலமாக ஒரு வேலையைச் செய்து வந்திருக்கின்றன. அவ்வேலையை அறிந்தவர்கள் அவற்றைத் தூர்வாருமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்கள். அந்த எண்ணம் இவ்வவையில் ஒருவருக்கேனும் எழுமாயின் என் உரை பயன் பெற்றதாகும்.